ஓட்ஸ் ஏன் போஸ்டர் பசை மாதிரியே வருது? பால் சேர்க்காம ருசியா செய்ய வழி உண்டா?

ஒத்தக்கடை_வாசி · ஞாயிறு, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல பால், தயிர், நெய் நிறுத்தி ஏழு மாசம் ஆச்சு. ஆரம்பிச்சது மக. காலேஜ் ரெண்டாம் வருசம். கன்னுக்குட்டிய ஓரங்கட்டிட்டு நமக்கு எதுக்குப்பா அந்தப் பாலுன்னு கேட்டா, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எனக்கும் பால் குடிச்சா வயிறு உப்பும், அதனால நானும் சேந்துக்கிட்டேன். மதியமும் ராத்திரியும் ஒரு தொந்தரவும் இல்ல. சாம்பார், ரசம், வெஞ்சனம் எல்லாம் எப்பவும் போலத்தான். மாட்டிக்கிட்டது காலையிலதான்.

6:40-க்கு நான் பஸ் ஏறணும், வேலை திருமங்கலத்துல. மாவு இருக்குற நாள் இட்லி. இல்லாத நாளைக்கு ஓட்ஸ்னு முடிவு பண்ணினோம். ஒரு டம்ளர் ஓட்ஸ், மூணு டம்ளர் தண்ணி, பத்து நிமிசம் கொதிக்க விட்டு, ரெண்டு ஸ்பூன் சீனி. வந்தது பசை. கரண்டியக் கவுத்தா விழல. மதுரையில இம்புட்டு போஸ்டர் ஒட்டுறாங்க, நம்ம வாளிய எடுத்துட்டுப் போனா வியாபாரம் ஆகும்னு வீட்டம்மா சொல்லிட்டா.

மக செல்போன்ல பாத்துட்டு ராத்திரியே ஊற வைக்கிற ஓட்ஸ் செஞ்சா. கண்ணாடி பாட்டில், பாக்கெட் சோயா பால், சியா விதை. அவங்க போடுற நீலப் பழத்துக்கு நான் எங்க போவேன், பன்னீர் திராட்சை போட்டோம். காலைல தொறந்தா பச்சை அவரைக்காய் வாசம். ரெண்டு வாய் தின்னுட்டு அவளே மூடி வச்சுட்டா.

விட்டுறவும் மனசில்ல, ரெண்டு பாக்கெட் மீதி கெடக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருநகர்_அக்கா · ஞாயிறு, இரவு 9:48

தம்பி, முதல்ல அந்தப் பாக்கெட்டப் பிரிச்சு உள்ளங்கையில கொஞ்சம் கொட்டிப் பாருங்க. சுண்டுவிரல் நகம் அளவுக்கு முழுத் தகடா இருந்தா அது ரோல்டு ஓட்ஸ். நொய்யும் தூளுமா இருந்தா இன்ஸ்டன்ட். உங்களது ரெண்டாவதாத்தான் இருக்கும். அத நறுக்கி, மெல்லிசா நசுக்கி, முக்கால்வாசி வேக வச்சுத்தான் விக்கிறாங்க. ரெண்டு நிமிசத்துல வேகுறத பத்து நிமிசம் கொதிக்க விட்டா பசை ஆகாம என்ன ஆகும்? மீதி இருக்குறத தோசை மாவுல கலந்து தீருங்க. அடுத்து ரோல்டு வாங்குங்க.

இப்ப செய்முறை. இரும்புச் சட்டியில எண்ணெய் இல்லாம, சிம்முல வச்சு அரை டம்ளர் ஓட்ஸ வறுங்க. ஏறக்குறைய 40 கிராம், ஒரு ஆளுக்குப் போதும். நாலஞ்சு நிமிசத்துல கோதுமை ரவை வறுக்குற மாதிரி ஒரு வாசம் கிளம்பும், தகட்டோட ஓரம் மட்டும் லேசா செவக்கும். அங்க நிறுத்திருங்க. இந்த ஒரு வேலைய யாரும் செய்யுறதில்ல, அதான் ஓட்ஸ்னா சப்புனு இருக்குன்னு பேர் வாங்குது. ரவைய வறுக்காம உப்புமா கிண்டுவோமா?

ஒரு டம்ளர் தண்ணிய நல்லா தளதளன்னு கொதிக்க விட்டு, அப்புறம் ஓட்ஸ் போடுங்க. பச்சைத் தண்ணியில போட்டு ஏத்தினா வழவழப்பு அதிகமாகும். ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம். இனிப்பு ஓட்ஸ்லயும் கட்டாயம், பாயசத்துல போடுற மாதிரிதான். அஞ்சு நிமிசம், ரெண்டு தடவைக்கு மேல கிண்டக் கூடாது. அடுப்ப அணைச்சு மூணு நிமிசம் மூடி வைங்க.

வழவழப்பையே விரட்டணும்னு சிலர் ஓட்ஸக் கழுவி ஊத்துறாங்க. செய்யாதீங்க. வெண்டைக்காய்ல இருக்குற மாதிரி தண்ணியில கரையுற நார்ச்சத்து அது, பீட்டா குளூக்கன்னு பேரு. கொலஸ்ட்ராலக் குறைக்குறது அதுதான். ஒரு நாளைக்கு 3 கிராம் போனா பலன் உண்டுன்னு ஓட்ஸ் பாக்கெட்ல எழுதிக்க அமெரிக்க அரசு 1997-ல அனுமதி குடுத்துச்சு. 40 கிராம் ஓட்ஸ்ல ஒன்றரை கிராம் கிட்ட கெடைக்கும்.

செல்லூர்_பய · ஞாயிறு, இரவு 10:05

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. ராத்திரி ஊற வச்சு காலைல சாப்பிடுறத நமக்கு வெளிநாட்டுக்காரன் வந்து சொல்லிக் குடுக்கணுமா? எங்க அப்பத்தா செத்த வரைக்கும் பழைய சோறுதான். பால் கிடையாது, நெய் கிடையாது, பாட்டிலும் கிடையாது. சிவப்பு அவல தேங்காய்ப்பூ, வெல்லம் போட்டுப் பிசைஞ்சா கால் மணி நேரத்துல சாப்பாடு ரெடி. நம்ம பக்கம் விளையாத ஒண்ண காசு குடுத்து வாங்கி அதுக்கு ருசி தேடிக்கிட்டு இருக்கோம்.

ஒத்தக்கடை_வாசி · ஞாயிறு, இரவு 10:12

அண்ணே, நீங்க சொல்றது நியாயம். பழைய சோறு எங்க வீட்டுலயும் உண்டு. ஆனா தூக்குவாளியில பழையது கொண்டு போயி ஆபீஸ்ல தின்னா மதியத்துக்குள்ள கண்ணு சொக்குது எனக்கு. மகளுக்கு ஆசை ஓட்ஸ்ல. அவ ஆசைக்காகத்தான் இந்த இழையே.

ராத்திரி_டூட்டி · திங்கள், காலை 5:30

இப்பத்தான் வார்டுல இருந்து வெளிய வந்தேன். நான் வாரத்துல நாலு நாள் ஊற வச்ச ஓட்ஸ்தான், அதனால சொல்றேன்.

ஊற வைக்கிறதுக்கு அளவு வேற. ஓட்ஸ் ஒரு பங்குன்னா திரவம் ஒண்ணேகால் பங்கு. அதுக்கு ரொம்ப மேல போனா காலைல கஞ்சித்தண்ணி. பிரிட்ஜ்ல ஆறேழு மணி நேரம். பழம் காலைலதான் போடணும், ராத்திரியே வாழப்பழம் நறுக்கிப் போட்டா கறுத்து, ஒரு மாதிரி புளிச்ச வாடை வந்துரும். சியாவும் வேணாம், காசுக்குப் பிடிச்ச கேடு. சப்ஜா விதை ஒரு ஸ்பூன காலைல பல் தேய்க்குற நேரத்துல தண்ணியில போட்டா பத்து நிமிசத்துல ஊதிரும், மேல போட்டுக்கலாம்.

இனிமே முக்கியமான சமாச்சாரம். மதுரை வெயில மறந்துராதீங்க. போன சித்திரைல முதல் தேங்காய்ப்பால்ல ஊற வச்சு, ரெண்டு பாட்டில் பிரிட்ஜ்ல வச்சுட்டு டூட்டிக்குப் போனேன். ராத்திரி பூரா எங்க ஏரியாவுல கரண்ட் இல்ல. காலைல வந்து மூடியத் திருகினேன். 'டப்'புனு ஒரு சத்தம், மூடி கையில இருந்து எகிறிருச்சு. உள்ள நுரை. அப்பயும் தேங்காய்தானேன்னு ஒரு ஸ்பூன் நக்கிப் பாத்தேன் பாருங்க, அன்னைக்கு நானே வார்டுல படுத்துக் கெடக்க வேண்டியது. கரண்ட் போற மாசத்துல தேங்காய்ப்பால்ல ஊற வைக்காதீங்க. தண்ணியில ஊற வச்சு, காலைல பால் பிழிஞ்சு ஊத்துங்க. பாட்டில் ரெண்டு நாளைக்கு மேல இருக்கவும் கூடாது.

சோயா வாசம் பிடிக்கலன்னா கடலைப்பால். 100 கிராம் நிலக்கடலைய லேசா வறுத்து, தோல ஊதிட்டு, அஞ்சாறு மணி நேரம் ஊற வச்சு, அரை லிட்டர் தண்ணி விட்டு அரைச்சு வேட்டித் துணியில பிழியணும். பத்து நிமிசம் கொதிக்க விடுங்க, கிண்டிக்கிட்டே இருக்கணும், பொங்கும். பச்சைக் கடலை வாசம் போயி கடலமிட்டாய் வாசம் வந்துரும். மிஞ்சின சக்கையில பூண்டு, மிளகாய் வச்சு துவையல்.

திருநகர்_அக்கா · திங்கள், காலை 7:15

வேட்டித் துணி நல்ல யோசனை. சக்கைத் துவையலும். முதல் தேங்காய்ப்பால சேத்த பின்னாடி கொதிக்க விடக் கூடாதுன்னும் சேத்துக்கோங்க, திரிஞ்சுரும். ரெண்டாம் பால்ல வேக வச்சு, அணைச்சுட்டு முதல் பால்.

சிம்மக்கல்_சிவா · திங்கள், மதியம் 1:20

பாலு இல்லாத பாலு மதுரையில தெருத்தெருவா விக்கிது, அத யாரும் சொல்லல பாருங்க. பருத்திப்பால்! சாயங்காலம் தள்ளுவண்டியில பித்தளை அண்டாவ வச்சுக்கிட்டு நிக்கிறாங்களே. பேருலதான் பால். உள்ள இருக்குறது பருத்திக்கொட்டை, பச்சரிசி மாவு, கருப்பட்டி இல்லாட்டி வெல்லம், சுக்கு, ஏலக்காய், மேல தேங்காய்ப்பூ. மாட்டுக்கும் அதுக்கும் உள்ள ஒரே சம்பந்தம், மாடு அதே கொட்டைய திங்கும்.

அதுல அரிசி மாவு எதுக்குப் போடுறாங்க? கெட்டியாக. ஓட்ஸ் தானாவே கெட்டியாகுறது. ரெண்டையும் சேத்துப் பாத்தேன், அரிசி மாவே வேணாம்.

ராத்திரி ஒரு கைப்பிடி பருத்திக்கொட்டைய ஊறப் போடுங்க. பஞ்சு ஒட்டியிருக்கும், சாம்பல் பூத்த மாதிரி தெரியும். காலைல அஞ்சாறு தண்ணி கழுவணும். மொதத் தண்ணி கலங்கலா, மண் நிறத்துல வரும். தெளிஞ்சு வர்ற வரைக்கும் விடாதீங்க. மிக்ஸியில தண்ணி விட்டு அரைச்சு, மூணு தடவை பால் எடுத்து, துணியில வடிகட்டுங்க. தோலு கரகரன்னு பல்லுல மாட்டும், அதனால சல்லடை பத்தாது. அந்தப் பால கொதிக்க விட்டு, வறுத்த ஓட்ஸப் போட்டு, கருப்பட்டிய தனியா கரைச்சு வடிகட்டி ஊத்துங்க. மண் இருக்கும், வடிகட்டாம ஊத்தினா நறநறங்கும். கடைசியா சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ.

ரெண்டு எச்சரிக்கை. பருத்திப்பால பச்சையா குடிக்கக் கூடாது; அந்தக் கொட்டையில இயற்கையாவே ஒரு நச்சுப் பொருள் உண்டு, நல்லா கொதிக்கணும். அதனால ஊற வைக்கிற ஓட்ஸுக்குக் கொதிச்சு ஆறின பால்தான். அப்புறம், விதைப்புக்குன்னு மருந்து தடவின கொட்டைய வாங்கிராதீங்க, அது பச்சை, நீலம்னு கலரா இருக்கும். கீழமாசி வீதிப் பக்கம் மளிகைக் கடையில சமையலுக்குன்னு கேட்டு வாங்குங்க.

புதூர்_கணக்கு · திங்கள், மாலை 6:02

கருப்பட்டி சைவம் சரி. நனிசைவமா, அதாவது உயிர்கள்கிட்ட இருந்து வர்ற எதுவுமே சேராததா? பதனி புளிக்காம இருக்க கலயத்துல சுண்ணாம்பு தடவுறாங்க. அந்தச் சுண்ணாம்பு கிளிஞ்சலச் சுட்டு எடுக்குறது. கிளிஞ்சல் ஒரு உயிரோட ஓடு. சும்மா கேட்டு வைக்கிறேன்.

செல்லூர்_பய · திங்கள், மாலை 6:10

இவருக்குச் சாப்பாடு போட்டா எலைய எண்ணிட்டுத்தான் உக்காருவாரு.

ஒத்தக்கடை_வாசி · திங்கள், இரவு 8:30

மககிட்ட கேட்டேன். அஞ்சு நிமிசம் யோசிச்சுட்டு, 'கடற்கரையில ஒதுங்கின ஓடுப்பா, அதுக்காக யாரும் எதையும் கொல்லல, கருப்பட்டி இருக்கட்டும்'னு தீர்ப்பு சொல்லிட்டா. தேன் மட்டும் கிடையாதாம். கணக்கு சார், கேட்டதுல தப்பில்ல. ஒத்துக்காதவங்க கரும்பு வெல்லத்துக்குப் போகலாம்.

நெல்பேட்டை_மாமி · திங்கள், இரவு 10:40

எல்லாரும் இனிப்பையே பேசுறீங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கருப்பட்டியும் சர்க்கரைதான், வெல்லமும் சர்க்கரைதான், அதுல ஏமாந்துராதீங்க.

நோன்புக் கஞ்சி தெரியும்ல? கறி போடாத கஞ்சிய ஓட்ஸ்ல காச்சுவேன். ரெண்டு ஸ்பூன் பாசிப்பருப்ப கால் ஸ்பூன் வெந்தயத்தோட குழைய வேக வச்சுக்கணும். நல்லெண்ணெயில பட்டை, கிராம்பு, ஒரு துண்டு ரம்பை இலை (பிரியாணிக்குப் போடுற வாசனை இலை), பத்துப் பல்லு பூண்டு, சின்ன வெங்காயம், இஞ்சி விழுது, அரைத் தக்காளி, ஒரு பச்சை மிளகாய், புதினா. பூண்டு பச்சை வாசம் போற வரைக்கும் அவசரப்படாதீங்க, கஞ்சியோட ருசி பூரா அங்கதான் இருக்கு. அப்புறம் வெந்த பருப்பு, அஞ்சு பங்கு தண்ணி, உப்பு, வறுத்த ஓட்ஸ் ஒரு பங்கு. கஞ்சிங்கிறதால தண்ணி தாராளமா வேணும், ஆற ஆற இறுகும். எறக்குறப்ப முதல் தேங்காய்ப்பால் அரை டம்ளர். மேல மல்லித்தழை.

இதுக்கு வடை தொட்டுக்கிட்டா, அது அவங்கவங்க பொறுப்பு.

ராத்திரி_டூட்டி · செவ்வாய், காலை 5:50

மாமி, நேத்து ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி கேன்டீன்ல காஞ்ச பன்ன தின்னுக்கிட்டே உங்க பதிவப் படிச்சேன். ரொம்ப பாவம் பண்றீங்க.

உப்பு வகையில நானும் ஒண்ணு பண்ணினேன். ஓட்ஸ வேக வச்சு, ஆற விட்டு, கம்பங்கூழ் மாதிரி தண்ணி ஊத்தி, ஒரு கரண்டி நீராகாரம் விட்டு மண்சட்டியில வச்சேன். காலைல கரைச்சு, சின்ன வெங்காயம் கடிச்சு, மோர்மிளகாய் வறுத்து... பாதி சாப்பிட்ட பிறகுதான் உறைச்சது, மோர்மிளகாய்ல மோர் இருக்குன்னு.

திருநகர்_அக்கா · செவ்வாய், காலை 8:05

சுண்டவத்தல், மணத்தக்காளி வத்தல் கூட மோர்ல போட்டு காய வைக்கிறதுதான். கடையில வாங்குறப்ப கேட்டுக்கோங்க. உப்புல மட்டும் போட்ட வத்தலும் கிடைக்கும். இல்லாட்டி மாங்காய் ஊறுகாயோட நிறுத்திக்கோங்க.

அழகர்கோயில்_ரோடு · செவ்வாய், காலை 11:30

பாலே வேணாம், கடலைப்பாலும் வேணாம், மிக்ஸியும் வேணாம்னு ஒரு வழி இருக்கு. சித்திரைத் திருவிழாவுல பந்தலுக்குப் பந்தல் பானகம் ஊத்துவாங்கள்ல. அதுலயே ஊற வைங்க.

25 கிராம் வெல்லத்த முக்கால் டம்ளர் தண்ணியில கரைச்சு வடிகட்டி, ஒரு ஏலக்காய், ரெண்டு சிட்டிகை சுக்குப்பொடி, துளி உப்பு. இதுல வறுத்து ஆறின ஓட்ஸ் அரை டம்ளர். பிரிட்ஜ்ல வச்சிருங்க. எலுமிச்சைய காலைலதான் பிழியணும், ராத்திரியே பிழிஞ்சு வச்சா கசப்பு ஏறுது. மேல நாலு துளசி இலை. தேங்காய்ப்பால் மாதிரி பொசுக்குனு கெட்டும் போகாது, கரண்ட் ரெண்டு மணி நேரம் போனாலும் தாங்குது. சாப்பிட்டா உடம்புக்குள்ள ஏசி போட்ட மாதிரி.

பழம்னா சிறுமலை வாழப்பழம். புவிசார் குறியீடு வாங்கின பழம், சின்னதா, தோல் கறுத்த பிறகுதான் ருசி. யானைக்கல் பக்கத்துப் பழக் கடையில கேளுங்க. மாம்பழக் காலத்துல நத்தம் பக்கத்துக் கல்லாமை வரும், சதைய வழிச்சு தேங்காய்ப்பால் ஓட்ஸ்ல கலந்தா வெல்லமே தேவைப்படாது.

செல்லூர்_பய · செவ்வாய், இரவு 9:00

சரி, ஒத்துக்கிறேன். உங்க தொல்லை தாங்காம ஒரு பாக்கெட் வாங்கினேன். நான் பண்ணினது ஜிகர்தண்டா ஓட்ஸ். பாதாம் பிசின் எப்படியும் ராத்திரி ஊறணும், ஓட்ஸும் ராத்திரி ஊறணும், ரெண்டும் ஜோடி போட்டு ஊறட்டுமேன்னு. பாலுக்குப் பதிலா முந்திரிய அரைச்சு ஊத்தினேன். நன்னாரி சர்பத் ரெண்டு ஸ்பூன்.

பிசின் எம்புட்டு போடணும்னு யாராச்சும் சொல்லியிருக்கலாம். நெல்லிக்காய் அளவுல மூணு கட்டி போட்டேன். காலைல பிரிட்ஜத் தொறந்தா, பாத்திரத்த விட்டு வெளிய வந்து தட்டுல உக்காந்திருக்கு. உள்ள இருந்த தண்ணியெல்லாம் அது குடிச்சுட்டு, ஓட்ஸ் வறண்டு கெடக்கு. தெருவுல நாலு வீட்டுக்குப் பிசின் குடுத்தேன்.

ஆனா நன்னாரியும் முந்திரிப்பாலும் சேந்த ருசி இருக்கே, அத குறை சொல்ல முடியாது. இன்னைக்குப் பட்டாணி அளவுல ஒண்ணே ஒண்ணு, அதையும் தனிக் கிண்ணத்துல ஊறப் போட்டிருக்கேன்.

புதூர்_கணக்கு · செவ்வாய், இரவு 9:14

முந்திரிப்பால் ஒரு டம்ளர் என்ன விலை ஆச்சு?

செல்லூர்_பய · செவ்வாய், இரவு 9:15

சார், தூங்குங்க.

ஒத்தக்கடை_வாசி · சனி, காலை 10:25

நாலு நாளா பதிவு போட முடியல, மன்னிக்கணும். ஒவ்வொண்ணா செஞ்சு பாத்துட்டு வந்தேன்.

அக்கா, வறுத்ததுல பாதி வேலை முடிஞ்சுது. மொத நாள் வெறும் தண்ணி, உப்பு, வெல்லம் மட்டும்தான், அப்பயே வீட்டம்மா போஸ்டர் பேச்ச நிறுத்திட்டா. புதன்கிழமை பானக ஓட்ஸ். டிபன் பாக்ஸ்ல ஊத்தி, எலுமிச்சம்பழத்த பையில போட்டுக்கிட்டு, திருமங்கலத்துல எறங்கி டீக்கடை பெஞ்சுல உக்காந்து பிழிஞ்சு சாப்பிட்டேன். பக்கத்துல இருந்தவரு என்னண்ணே பானகத்துல அவலான்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன், விளக்கப் போனா பஸ் போயிரும்.

வியாழன் மாமியோட கஞ்சி. ரம்பை இலை கிடைக்கல, இல்லாமலே செஞ்சோம். சட்டிய வழிச்சு நக்கினதுல மக கரண்டிய வளைச்சுட்டா.

நேத்து பருத்திப்பால் ஓட்ஸ். கொட்டைய நாலு தண்ணி கழுவினேன், அஞ்சாவதுக்குச் சோம்பல், அதனால லேசா மண் வாசம் அடிச்சுது. சிவா, நீங்க சொன்னது சரி, அரிசி மாவு தேவையே இல்ல. இதுல ஒரு சங்கதி, சூடா இருக்குறப்ப விட ஆறி, பிரிட்ஜ்ல ஒரு ராத்திரி இருந்தது இன்னும் நல்லா இருக்கு. சுக்கு உள்ள இறங்கிருது. மக இன்னைக்குக் காலைல ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போயிருக்கா, ஒண்ணு ஹாஸ்டல் பிள்ளைக்காம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. பருத்திக்கொட்டைச் சக்கை ஒரு சட்டி சேந்திருச்சு. அத என்ன பண்றது?

சிம்மக்கல்_சிவா · சனி, காலை 10:40

உங்க தெருவுல மாடு வச்சிருக்குறவங்க யாரும் இல்லையா?

ஒத்தக்கடை_வாசி · சனி, காலை 10:52

இருக்காங்க. ஏழு மாசத்துக்கு முன்னாடி பால் நிறுத்தினோம்ல, அவங்கதான். சட்டிய எடுத்துக்கிட்டு கிளம்பிட்டேன்.